தன்னிறைவுத் துப்பாக்கி என்றொன்று இருந்ததில்லை

அமெரிக்காவில் கருமருந்துத் துப்பாக்கியைப் பொழுதுபோக்காகக் கையாளுவோரிடையே ஒரு கருத்து ஏறத்தாழ மறுப்பின்றி நிலவிவருகிறது. குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இறுக்கிச் சுடும் பழைய துப்பாக்கி, அதாவது தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி என்று வழங்கும் வகையைச் சேர்ந்தது, தன்னிறைவின் கருவி என்பதே அக்கருத்து. தொழிற்சாலையில் அடைத்து வரும் தோட்டாக்களை நம்பியிருப்பவன் தட்டுப்பாட்டுக் காலத்தில் கடைகடையாக ஏறி இறங்கும்போது, வாய்வழித் துப்பாக்கி வைத்திருப்பவன் ஈயத்தைத் தானே உருக்கிக் குண்டு வார்த்து, கல்லைத் தானே செதுக்கி, வேண்டுமானால் மருந்தையும் தானே அரைத்துக்கொண்டு எவரையும் எதிர்பாராமல் இருந்துவிடுவான் என்று சொல்லப்படுகிறது. இதன் இரு கிளைகளாக வேறு இரண்டு கருத்துகளும் வளர்ந்துள்ளன. தட்டுப்பாடு வந்தால் அது இயல்பாக வந்திராது, அரசின் மறைமுகமான கெடுபிடியே காரணமாயிருக்கும் என்பது ஒன்று. அதைச் சமாளிக்கக் கிடைக்கும்போதே வாங்கிக் குவித்துவைப்பதே அறிவுடைமை என்பது மற்றொன்று. 2020இல் தொடங்கி ஈராண்டுகளுக்கு மேல் நீடித்த பற்றாக்குறை இக்கருத்துகளைப் பொய்ப்பித்திருக்க வேண்டும். மாறாக, அவை அதன்பின் மேலும் உரத்துப் பேசப்படுகின்றன. மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை ஆதலால், தன்னிறைவு என்னும் முதற்கருத்தை வரலாற்றின்முன் நிறுத்திப் பார்த்தாலே மற்ற இரண்டின் வலுவும் தெரிந்துவிடும்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகிய மூன்றின் கலவை. சிவகாசியில் இன்றும் இதே பெயரால் வழங்கும் இப்பொருளில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெடியுப்பே, அதாவது பொட்டாசியம் நைட்ரேட்டே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் புகையற்ற மருந்து வரும்வரை உலகின் எல்லாத் துப்பாக்கிகளும் பீரங்கிகளும் இதைக்கொண்டே சுட்டன. இதைப் பற்றவைக்க இரண்டு வழிகள் வழக்கில் உள்ளன. ஒன்றில் சிக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தெறிக்கும் பொறி, குழலின் பக்கவாட்டில் உள்ள சிறு கிண்ணத்தில் இட்ட மருந்தைப் பற்றவைக்கிறது. மற்றதில் கேப்பு எனப்படும், அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருள் பூசிய சிறு செம்புக் குப்பி அவ்வேலையைச் செய்கிறது. ஆக, ஒரு வெடிக்கு மருந்து, குண்டு, பொறி ஆகிய மூன்று வேண்டும். தன்னிறைவுக் கொள்கையினர் இம்மூன்றில் குண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வீட்டில் வார்க்க முடிவதைச் சுட்டி, மற்ற இரண்டுக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிடுகின்றனர்.

அமெரிக்க வரலாறு இவர்களின் சொந்த வரலாறு; ஆயினும் அதுவே இவர்களுக்கு முதல் எதிர்ச்சான்றாக நிற்கிறது. விடுதலைப் போரின் தொடக்கத்தில், 1775 ஆகஸ்டில், பாஸ்டன் நகரை முற்றுகையிட்டிருந்த அமெரிக்கப் படையின் கையிருப்பைக் கணக்கிட்டபோது, வீரன் ஒருவனுக்கு ஏறத்தாழ ஒன்பது வெடிக்கான மருந்தே எஞ்சியிருப்பதைத் தளபதி வாஷிங்டன் அறிந்தார். அப்படையினரில் பலர் உழவர்கள். துப்பாக்கியும் குண்டு வார்க்கும் அச்சும் சொந்தமாக வைத்திருந்தவர்கள். வீட்டில் மருந்து அரைப்பது அவ்வளவு எளிதெனில் அவர்களைவிடப் பொருத்தமானவர் எவரும் இருந்திருக்க முடியாது. குடியேற்றப் பேரவை வெடியுப்புக் காய்ச்சும் முறைகளை விளக்கிக் குறுநூல் வெளியிட்டது. மாநிலங்கள் ஊக்கத்தொகை அறிவித்தன. பால் ரிவியர் என்ற வெள்ளி வேலைக்காரர் மருந்தாலையின் அமைப்பைப் பார்த்துவரப் பிலடெல்பியாவுக்கு அனுப்பப்பட்டார். இவ்வளவு முயற்சிக்குப் பின்னும், போரின் முதல் இரண்டரை ஆண்டுகளில் பயன்பட்ட மருந்தின் மிகப் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்ததாகவோ, வெளிநாட்டு வெடியுப்பைக்கொண்டு செய்யப்பட்டதாகவோ இருந்தது. பிரான்ஸும், டச்சுக்காரரும், மேற்கிந்தியத் தீவுகளின் வணிகத் துறைமுகங்களும் இல்லாதிருந்தால் விடுதலைப் போர் மருந்தின்றியே முடிந்திருக்கும்.

விடுதலைக்குப் பின்னும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வேதியியலாளர் லவாசியேயின் மேற்பார்வையில் இயங்கிய பிரெஞ்சு அரசு மருந்தாலையில் தொழில் கற்ற எலூதேர் இரேனே டியூபான்ட் என்பவர் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, அங்கு விற்ற மருந்தின் மட்டமான தரத்தையும் உயர்ந்த விலையையும் கண்டு, 1802இல் டெலவேர் மாநிலத்தின் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் ஆலை அமைத்தார். அந்த ஆலை அமெரிக்க மருந்துத் தொழிலின் தாயகமாயிற்று. எனினும் அதன் வெடியுப்பில் பெரும்பகுதி அமெரிக்க மண்ணில் விளைந்ததன்று. பீகாரின் உவர்மண்ணைச் சுரண்டிக் கரைத்து வடித்துக் காய்ச்சிய நோனியா சமூகத்தாரின் உழைப்பே பாட்னாவிலிருந்து கல்கத்தா வழியாக உலகச் சந்தைக்குச் சென்றது. 1758 முதல் அதில் தனியுரிமை பெற்றிருந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. தமிழகத்திலும் உப்பிலியர் எனப்பட்டோர் இதே தொழிலைச் சிறிய அளவில் செய்துவந்தனர். கென்டக்கி வேட்டைக்காரனின் தன்னிறைவைப் புகழ்ந்து எழுதுவோர் அக்கால அமெரிக்க மருந்துக்கு வேண்டிய வெடியுப்பைத் தன் கால் சகதியில் மிதித்துக் காய்ச்சிய பீகார்த் தொழிலாளியை எங்கும் குறிப்பிடுவதில்லை.

இச்சார்பு எவ்வளவு ஆழமானது என்பதை 1861ஆம் ஆண்டின் நிகழ்ச்சி ஒன்று வெளிப்படுத்தியது. உள்நாட்டுப் போர் தொடங்கிய அவ்வாண்டின் இறுதியில், வடதரப்பின் வெடியுப்புக் கையிருப்பு குறைந்ததால், டியூபான்ட் குடும்பத்தைச் சேர்ந்த லமோட் டியூபான்ட் அரசின் சார்பில் இலண்டனுக்கு இரகசியமாகச் சென்று, அங்குக் கிடைத்த இந்திய வெடியுப்பையெல்லாம் வாங்கிக் கப்பலேற்றத் தொடங்கினார். அதற்குள், ட்ரென்ட் என்னும் பிரித்தானியக் கப்பலை வடதரப்புக் கடற்படை மறித்துத் தென்தரப்புத் தூதர் இருவரைச் சிறைப்பிடித்த செய்தி வந்துசேரவே, பிரித்தானிய அரசு ஏற்றுமதியைத் தடைசெய்தது. தூதர்கள் விடுவிக்கப்பட்ட பிறகே கப்பல்கள் புறப்பட்டன. அந்நாட்டின் மிகப் பெரிய தொழில்வளமும் மருந்தாலைகளும் கைவசமிருந்த ஒரு தரப்பு, தொலைவிலுள்ள ஓர் அமைச்சரவையின் ஒரே ஆணையால் மருந்துக்குத் திண்டாட வேண்டியிருந்தது. இந்த லமோட் டியூபான்ட்டே 1857இல் தென்னமெரிக்கச் சோடியம் நைட்ரேட்டைக்கொண்டு சுரங்கங்களுக்கான மலிவு மருந்தைச் செய்யும் முறைக்கு உரிமம் பெற்றவர். ஈரத்தை உறிஞ்சும் குணமுடைய அம்மருந்து பாறை தகர்க்கப் பயன்பட்டதே தவிரத் துப்பாக்கிக்கு ஏற்றதாகவில்லை. இந்தியச் சார்பிலிருந்து விடுபட அவர் கண்ட வழியும் சிலியையும் பெருவையும் சார்வதாகவே முடிந்தது.

தென்தரப்பின் கதை தன்னிறைவுக் கொள்கைக்கு இன்னும் கடுமையான சோதனை. கடல்முற்றுகையால் சூழப்பட்ட அத்தரப்பு, உள்ளதைக்கொண்டு வாழ்ந்தே தீரவேண்டிய நிலையில் இருந்தது. ஆகவே இன்றைய பொழுதுபோக்காளர் கற்பனையாகப் பேசுவதை அது உண்மையாகவே செய்துபார்த்தது. ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டாவில் ஜார்ஜ் வாஷிங்டன் ரெயின்ஸ் என்னும் படைப்பொறியாளர் எழுப்பிய ஆலை 1862 முதல் 1865 வரை ஏறத்தாழ 27 இலட்சம் பவுண்டு மருந்தைத் தந்தது. அதன் தரமும் சிறப்பாக இருந்தது. ஆனால் அதற்கான வெடியுப்பைத் தேட ஒரு தனி அரசுத் துறையே அமைக்க நேர்ந்தது. டென்னசி, அலபாமா, வர்ஜீனியா சுண்ணாம்புக் குகைகளின் தரை தோண்டப்பட்டது. நகரங்களை ஒட்டிச் சாணமும் அழுகற்பொருளும் கலந்த உரப்படுக்கைகள் இடப்பட்டன, அவை முதிர்ந்து பலன்தருமுன் போரே முடிந்துவிட்டது. அலபாமாவின் செல்மா நகரில் அத்துறையின் முகவர் ஒருவர், வீட்டுப் பெண்டிர் இரவுக் கலங்களின் சிறுநீரைச் சேர்த்துவைக்குமாறு செய்தித்தாளில் விளம்பரம் செய்து, அதனால் நாடெங்கும் கேலிப் பாடல்களுக்கு ஆளானார். இத்தனைக்கும் பிறகு வெடியுப்பின் பெரும்பங்கு முற்றுகையைத் தப்பி வந்த கப்பல்களிலேயே வந்தது. கேப்புகளின் நிலை இன்னும் மோசம். டென்னசியின் செம்புச் சுரங்கங்கள் கைநழுவியபின், கர்ப்பூரத்தைலமும் பழச்சாராயமும் காய்ச்சும் செப்பு வாலைகளைப் பறிமுதல் செய்து கேப்பு அடித்தனர். செம்பை மிச்சப்படுத்த வெண்கலப் பீரங்கி வார்ப்பதையே நிறுத்தினர். பாதரசமும் தீர்ந்தபோது கேப்பில் பூசும் வேதிப்பொருளை மாற்றவேண்டியதாயிற்று. ஓர் அரசு தன் முழு ஆற்றலையும் திரட்டியும் எட்ட முடியாத தன்னிறைவைத் தனி மனிதன் தன் கொட்டகையில் எட்டிவிடலாம் என்பது வரலாற்றைப் படியாதவர் கூற்று.

போர்க்காலச் சான்று தனிமனிதருக்குப் பொருந்தாது, மலைகளிலும் காடுகளிலும் அலைந்த எல்லைப்புற வேட்டைக்காரனே உண்மையான முன்மாதிரி என்று இவர்கள் விடைகூறக்கூடும். அந்த முன்மாதிரியும் தேடினால் கிடைப்பதில்லை. ராக்கி மலைகளில் பீவர் தோலுக்காக அலைந்தோர் 1825 முதல் 1840 வரை கோடைகளில் குறித்த இடத்தில் கூடியதன் நோக்கங்களுள் முக்கியமான ஒன்று, செயின்ட் லூயி நகரிலிருந்து பொதிவிலங்குகளில் வந்த மருந்தையும் ஈயத்தையும் பன்மடங்கு விலைக்கு வாங்குவதுதான். பொதி வருவது நின்றுவிட்டால் அவர்களது வாழ்க்கைமுறையே நின்றுபோயிருக்கும். 1804இல் மேற்கு நோக்கிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் குழுவினர் இதை நன்குணர்ந்தவர்கள். மருந்தை ஈயத்தாலேயே செய்த நீர்புகாக் குப்பிகளில் அடைத்துச் சென்றனர். குப்பியிலுள்ள மருந்து தீர்ந்ததும் அக்குப்பியை உருக்கினால் அம்மருந்துக்கு வேண்டிய அளவு குண்டு கிடைக்கும்படி ஈயத்தின் எடை கணக்கிடப்பட்டிருந்தது. 1806 பிப்ரவரியில் பசிபிக் கரையில் குப்பிகளைத் திறந்து ஆய்ந்தபோது, திரும்பிச் செல்லப் போதுமானதற்கு மேலேயே இருப்பு இருந்தது. தட்டுப்பாட்டைச் சமாளிப்பதில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைக் காண்பதரிது. ஆனால் அது தன்னிறைவின் எடுத்துக்காட்டன்று, அரசுப் பணத்தில் கிழக்குக் கடற்கரை நகரங்களில் வாங்கியதைச் சிக்கனமாகச் செலவிட்டதன் எடுத்துக்காட்டு. அதே குழுவில் ஜார்ஜ் ஷானன் என்ற இளைஞர் வழிதவறிப் பதினாறு நாள் தனியே அலைந்தார். குண்டு தீர்ந்தபின் அவர் உறுதியான குச்சித் துண்டொன்றைக் குழலில் இட்டு ஒரு முயலைச் சுட்டார். எஞ்சிய நாள்களைக் காட்டுத் திராட்சையைத் தின்றே கழித்தார். தனிமனிதத் தன்னிறைவின் அளவு அவ்வளவுதான்: ஒரு முயல்.

வீட்டில் மருந்து அரைப்பது பற்றிய பேச்சை இங்கே சற்று விரிவாகவே எதிர்கொள்ள வேண்டியுள்ளது. மூன்று பொருளைக் கலந்துவிட்டால் மருந்தாகிவிடும் என்ற எண்ணம் அதன் அடிப்படை. கலவைக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தொலைவே ஐந்நூறு ஆண்டுத் தொழில்நுட்ப வரலாறு. பல டன் எடையுள்ள உருளைகளின்கீழ் நெடுநேரம் ஈரத்தோடு அரைபட்டு, கட்டியாக அழுத்தப்பட்டு, மணிகளாக உடைக்கப்பட்டு, சலித்துத் தரம்பிரிக்கப்பட்டு, மெருகேற்றப்பட்ட பிறகே அது ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில் எரியும் பொருளாகிறது. கரியும் எல்லா மரத்துக் கரியும் அன்று. எந்த மரம், எந்த அளவுக்குச் சுடப்பட்டது என்பதைப் பொறுத்து மருந்தின் குணமே மாறும். வாய்வழித் துப்பாக்கிப் போட்டி முழுவதும் ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் வேறுபாடின்மையை நம்பியே நடப்பதால், வேகம் நிலையற்ற மருந்து அப்பொழுதுபோக்கின் நோக்கத்தையே அழித்துவிடுகிறது. இத்தொழில் எத்தகையது என்பதைப் பிராண்டிவைன் ஆலைக் கட்டடங்களே காட்டும். ஒவ்வோர் அரவைக் கட்டடத்துக்கும் மூன்று பக்கம் மிகப் பருத்த கற்சுவர். ஆற்றை நோக்கிய நான்காம் பக்கமும் கூரையும் மட்டும் வேண்டுமென்றே இலேசாக அமைக்கப்பட்டன, வெடித்தால் அதன் வேகம் தொழிலாளர் பக்கம் திரும்பாமல் ஆற்றின்மேல் போகட்டும் என்று. அப்படியிருந்தும் 1802 முதல் 1921 வரை அங்கு நிகழ்ந்த 288 வெடிப்புகளில் 228 பேர் மாண்டனர். அத்தகைய வெடிப்பில் 1857இல் இறந்த அலெக்சிஸ் டியூபான்ட் உரிமையாளர் குடும்பத்தவர். கருமருந்துக்கு மாற்றாகப் பைரோடெக்ஸ் என்னும் கலவையைக் கண்டறிந்த டான் பாவ்லக், துறையை முழுதும் அறிந்தவர். அவரும் 1977 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலத்தின் இசகுவாவில் தம் ஆலையில் ஏற்பட்ட வெடிப்பில் இறந்தார். சிவகாசியை அறிந்த தமிழ் வாசகருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சட்டமும் வீட்டு மருந்தின் பக்கம் இல்லை: தனிநபர் 50 பவுண்டு வரை வைத்துக்கொள்ள அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தரும் விலக்கு, வணிகமுறையில் தயாரிக்கப்பட்ட கருமருந்துக்கே உரியது; கொட்டகையில் அரைத்ததற்கு வெடிபொருள் சேமிப்பு விதிகள் அனைத்தும் பொருந்தும்.

கல், ஈயம், கேப்பு ஆகியவற்றைக் குறித்து நீண்ட வாதம் தேவையில்லை. அமெரிக்கப் பொழுதுபோக்காளர் விரும்பி வாங்கும் சிக்கிமுக்கிக் கற்களில் பல இங்கிலாந்திலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் வருபவை. வாய்வழித் துப்பாக்கிக்கு வேண்டிய மென்மையான தூய ஈயம் குறைந்துவருகிறது. வண்டிச் சக்கரங்களின் சமன் எடைகள் துத்தநாகத்துக்கும் எஃகுக்கும் மாறியபின் பழைய இரும்புக்கடைகளில் எளிதாகக் கிடைத்த ஈயமும் அருகிவிட்டது. குளிர்பானத் தகரத்தை வெட்டிக் குப்பியாக்கி, குழந்தைகளின் பொம்மைத் துப்பாக்கிக் கேப்பிலுள்ள பொட்டை அதில் வைத்துக்கொள்வது தன்னிறைவின் உச்சமாகப் போற்றப்படுகிறது. அது கெட்டிக்கார வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் தகரம் செய்வது பானத் தொழிற்சாலை, பொட்டு செய்வது பொம்மைத் தொழிற்சாலை. இதில் ஒரு சார்பு போய் இரண்டு சார்புகள் வந்து சேர்ந்தன.

இனிச் சூழ்ச்சிக் கருத்து. ஈய உருக்காலை ஒன்றின் கதை இதற்கு நல்ல மாதிரி. மிசௌரியின் ஹெர்குலேனியத்தில் இயங்கிய, கனிமத்திலிருந்து நேரடியாக ஈயம் எடுக்கும் அமெரிக்காவின் கடைசி உருக்காலை 2013 இறுதியில் மூடப்பட்டபோது, இது குண்டு கிடைக்காமற் செய்யும் மறைமுகத் திட்டம் என்ற பேச்சு பரவிற்று. அங்குத் தூய்மைக்கேட்டு விதிகள் காரணமாயிருந்தன என்பது உண்மை; ஆனால் அமெரிக்காவில் பயன்படும் ஈயத்தின் பெரும்பகுதி பழைய மின்கலங்களை உருக்கி எடுக்கப்படுவது, ஆகவே அந்த ஆலையின் மூடலால் குண்டுக்கு ஈயம் இல்லாமற் போகவில்லை. மருந்தின் கதையிலோ அரசின் கையை விடச் சந்தையின் கையே தெளிவாகத் தெரிகிறது. 1970களின் தொடக்கத்தில் டியூபான்ட் நிறுவனம் கருமருந்துத் தொழிலைவிட்டே விலகிப் பென்சில்வேனியாவின் மூசிக்கில் இருந்த தன் கடைசி ஆலையை விற்றது. அதை வாங்கியவர்கள் கோயெக்ஸ் என்ற பெயரில் நடத்தி, 1990களின் பிற்பகுதியில் லூசியானாவின் மின்டன் அருகே இடம்மாற்றினர். 2009இல் அது ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2021 செப்டம்பரில் அந்நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. நாட்டில் எஞ்சியிருந்த ஒரே கருமருந்து ஆலை அதுவே. இவ்வளவு பெரிய நாடு ஒரே ஆலையில் வந்து நின்றது ஏன் என்பதைச் சூழ்ச்சிக் கருத்தினர் கேட்பதில்லை. கேட்டால் விடை அவர்களுக்கு உவப்பாயிராது. 1985இல் டோனி நைட் அறிமுகப்படுத்திய புதுவகை வாய்வழித் துப்பாக்கியும் அதைத் தொடர்ந்தவையும் வேட்டைக்காரர்களை ஈர்த்தன. அவர்கள் புகையும் கறையும் மிகுந்த பழைய மருந்தைக் கைவிட்டு, மாற்று மருந்துகளுக்கும் அவற்றின் மாத்திரைகளுக்கும் மாறினர். வெடிபொருளாக வகைப்படுத்தப்பட்ட உண்மைக் கருமருந்தை விற்கக் கடைக்காரர் தனி உரிமமும் சேமிப்பறையும் வைத்திருக்க வேண்டும்; மாற்று மருந்துக்கு அவை வேண்டா. ஆகவே கடைகள் அதை அடுக்குவதை நிறுத்தின. சட்டம் இதில் ஒரு பங்கு வகித்தது என்பதை மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் அச்சுமையைச் சுமக்கும் அளவுக்குச் சந்தை இருந்திருந்தால் கடைகள் சுமந்திருக்கும். சந்தையைச் சுருக்கியவர்கள் பொழுதுபோக்காளரே.

மாற்று மருந்து இருக்கையில் தட்டுப்பாடே இல்லையே என்பாரும் உண்டு. பைரோடெக்ஸ் போன்றவை பற்றிக்கொள்ள அதிக வெப்பம் வேண்டுவதால், சிக்கிமுக்கிப் பொறிக்கு அவை நம்பத்தக்க வகையில் தீப்பிடிப்பதில்லை. ஆதலின் அவற்றுக்கு மாறுபவன் கேப்புக்கும் மாறவேண்டும். கேப்போ அதே ஆண்டுகளில் மருந்தைவிடக் கடுமையாக அருகியது. கேப்பும், தோட்டாக்களின் அடியில் பொருத்தும் பிரைமர் எனப்படும் பற்றுமூடியும் ஒரே நிறுவனங்களின் தயாரிப்புகள். 2020இல் பிரைமருக்கு எழுந்த பெருந்தேவையின் முன் கேப்புக்கான சிறிய சந்தை பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டில் ரெமிங்டன் நிறுவனம் நொடித்து, அதன் தோட்டாத் தொழிலைச் சிசிஐ என்ற பெயரில் ஏற்கெனவே கேப்பு செய்துவந்த விஸ்டா நிறுவனமே வாங்கியது. இரு பெரும் உள்நாட்டு வணிகப் பெயர்கள் ஒரே முதலாளியின்கீழ் வந்தன. ஒரு பொருளின் பற்றாக்குறையை மற்றொன்றால் ஈடுசெய்யப் புகுந்தவர்கள் அதனினும் குறுகிய வாயிலில் போய் நெருக்கிக்கொண்டனர்.

பதுக்கலுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. ஈரம் படாமல் வைத்த கருமருந்து பல பத்தாண்டுகள் கெடாது; ஆதலின் தனி ஒருவரின் கணக்கில் வாங்கிக் குவிப்பது மூடத்தனமன்று. பிழை அக்கணக்கு ஒருவரோடு முடிந்துவிடுவதில்லை என்பதில் இருக்கிறது. ஐம்பது பேர் ஆளுக்கு 50 பவுண்டு குவித்தால், அவ்வளவும் எரியாமல் அலமாரியில் கிடக்க, புதிதாகச் சேர விரும்பும் இளைஞனுக்கு ஒரு பவுண்டும் கிடைப்பதில்லை. அவன் வேறு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்கிறான். ஆலைக்கோ ஓராண்டில் திடீரென எழும் தேவையும் அடுத்த நான்காண்டு வெறுமையும் மிஞ்சுகின்றன. அத்தகைய சந்தையை நம்பி எந்த முதலாளியும் இவ்வளவு ஆபத்தான ஆலையை நடத்தமாட்டார். பதுக்குவோர் தட்டுப்பாட்டுக்கு அஞ்சி அடுத்த தட்டுப்பாட்டுக்கு விதை போடுகின்றனர். வீட்டில் 50 பவுண்டு கருமருந்து இருப்பதன் தீ அபாயம் தனி விவாதம். பல ஊர்களின் தீயணைப்பு விதிகள் இதைவிடக் குறைந்த அளவையே குடியிருப்புகளில் அனுமதிப்பது காரணமின்றியன்று.

இந்தப் பொழுதுபோக்கை உண்மையில் காத்துவந்தவை எவை என்று பார்த்தால், அவற்றில் ஒன்றுகூடத் தனிமனிதச் செயலாக இல்லை. 2021இல் கைவிடப்பட்ட ஆலையை 2022இல் வாங்கி மீண்டும் இயக்கியது எஸ்டெஸ் நிறுவனம். பள்ளிச் சிறுவர் பறக்கவிடும் மாதிரி ராக்கெட்டுகளின் எரிபொருளாகக் கருமருந்தையே பயன்படுத்துவதால் அதற்கும் அந்த ஆலை வேண்டியிருந்தது. பீரங்கிகளின் உந்துமருந்தைப் பற்றவைக்க இன்றும் கருமருந்து பயன்படுவதால் படைத்துறையும் அவ்வாலையின் வாடிக்கையாளர். சிறுவர் விளையாட்டும் அரசின் படையும் தாங்கிப் பிடித்த ஆலையிலிருந்து ஒரு பவுண்டு வாங்கிக்கொண்டு, எவரையும் சாராத வாழ்க்கை என்று பேசுவதில் உள்ள முரண் கவனிக்கத்தக்கது. இடைவெளியை நிரப்பியது சுவிட்சர்லாந்தின் ஓபோனில் இயங்கும் ஆலை, ஜெர்மனியின் ஆலை ஆகியவற்றின் மருந்து. அதை வாங்குவதிலும் தனியாருக்குச் சுமை மிகுதி: ஆபத்தான சரக்கு என்பதால் ஒவ்வோர் அனுப்பீட்டுக்கும் தனிக் கட்டணம் உண்டு, அது ஒரு பவுண்டுக்கும் இருபத்தைந்து பவுண்டுக்கும் பெரிதாக வேறுபடுவதில்லை. கழகங்கள் உறுப்பினர் தேவையை ஒன்றுதிரட்டி ஒரே பெட்டியாக வரவழைத்துப் பங்கிட்ட இடங்களில் பற்றாக்குறை தாங்கத்தக்கதாக இருந்தது. மணியளவில் பிடிவாதத்தைத் தளர்த்தி, இரட்டை எஃப் எனக் குறிக்கப்படும் நடுத்தர மணி கிடைக்காதபோது மூன்று எஃப் எனப்படும் நுண்மணியை, வேகமாக எரிவதால் அளவைக் குறைத்து, உற்பத்தியாளரின் அட்டவணைப்படி பயன்படுத்தக் கற்றோரும் சமாளித்தனர். சுடும் எண்ணிக்கையைக் குறைத்தோரின் குறிபார்ப்பு பழுதடைந்ததாகத் தெரியவில்லை. லூயிஸ் செய்ததும் அதுவே.

தன்னிறைவுக் கொள்கையினர் தம் உரிமைச் சாசனமாகக் காட்டும் 50 பவுண்டு விலக்கும் இதே வகையில் பிறந்ததே. 1970ஆம் ஆண்டின் குற்றக்கட்டுப்பாட்டுச் சட்டம் தனிநபருக்கு 5 பவுண்டு மட்டுமே விலக்களித்திருந்தது. வாய்வழித் துப்பாக்கியினரின் தேசியச் சங்கம் 1933இல் தோன்றியது; இண்டியானா மாநிலத்தின் ஃபிரண்ட்ஷிப் என்னும் சிற்றூரை மையமாகக்கொண்டது. அம்மாநிலத்தின் அப்போதைய செனட்டரான பெர்ச் பை, துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்ப்போர் நம்பத்தக்கவர் பட்டியலில் வைக்காத தாராளவாதி. அவர் முன்மொழிந்த மசோதாவே, வரம்பு எவ்வளவு என்னும் நீண்ட பேரத்துக்குப் பின், 1975 ஜனவரியில் சட்டமாகி அந்த 5 பவுண்டை 50 ஆக்கியது. கடிதம் எழுதியும் சாட்சியமளித்தும் உறுப்பினர் கட்டணத்தில் பேராளரை அனுப்பியும் கிடைத்த அந்த விலக்கையே இன்று அலமாரியில் குவித்துவைத்துக்கொண்டு, அரசும் சங்கமும் தேவையில்லை என்று சொல்லப்படுகிறது. அடுத்து எழவிருக்கும் வினா கேப்பைப் பற்றியது: ஒரே முதலாளியின்கீழ் வந்துவிட்ட உள்நாட்டு உற்பத்தியில், ஆண்டுக்கு இவ்வளவு என்று கழகங்கள் கூட்டாக முன்பதிவு செய்து ஒரு தொடர்ச்சியான தேவையைக் காட்டினாலன்றி, அடுத்த பிரைமர்ப் பெருக்கத்தின்போதும் கேப்பு எந்திரங்கள் முதலில் நிறுத்தப்படும்.